சந்தை முன்றிலில் நிற்கும் எங்கள் வீடு எந்தக் காலத்தது? (திருகோணமலை)

முற்றத்துவேம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில், சந்தையை நோக்கி நிற்கும் எங்கள் குடும்ப வீட்டைப் பற்றி விடயம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அம்மாவின் பாட்டனார் வாங்கிய வீடு. அயலில் எல்லோரும் அதை ‘ஒல்லாந்தர் வீடு’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். நாங்களும் அப்படியே நம்பி வளர்ந்தோம்.

வீட்டின் அமைப்பைச் சொல்கிறேன். வீதியிலிருந்து மூன்று படி ஏறினால் விறாந்தை. அதில் நான்கு பருத்த உருண்டைத் தூண்களும் அவற்றுக்கிடையே உட்காரக்கூடிய குந்தும் உள்ளன. இடப்பக்கம் ஒரு கடையறை. அதற்கு மடிக்கும் கதவு கிடையாது. மேலும் கீழும் உள்ள தவாளிப்பில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகள்தான். வலப்பக்கக் கதவால் உள்ளே போனால் மால் எனும் கூடம், அதன் பின்னால் நடுமுற்றம், முற்றத்தின் ஓரத்தில் கிணறு, கடைசியில் குசினி. கடையறைக்கு மேலே மட்டும் மரத் தளமிட்ட ஒரு மாடி உண்டு. கீழ்ச் சுவர் இரண்டு அடிக்கு மேல் தடிப்பானது. மாடிச் சுவரோ ஓர் அடி கூட இல்லை. இந்த வேறுபாடு எனக்குச் சிறுவயதிலிருந்தே விளங்கியதில்லை.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தரையிலிருந்து நாலடி உயரம் வரை சுவர்ப் பூச்சு முழுவதும் பொருக்குப் பொருக்காக விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் திருத்தப் பணம் அனுப்பச் சம்மதித்துள்ளார்கள். வந்து பார்த்த மேசன், எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுக் கனமாகச் சீமெந்து பூசலாம் என்றும், விறாந்தையை இடித்தால் சந்தைப் பக்கம் மூன்று கடைகள் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் அறிவும் இல்லை. இந்த வீட்டின் வயதை எப்படிக் கண்டறிவது, எதைக் கட்டாயம் காக்க வேண்டும் என்று சொல்வீர்களா?

கோட்டைவாசல் எழுதியது:

நீங்கள் விவரித்த அமைப்பைப் படித்தவுடன் எனக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம்தான் கண்முன் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரே வாழ்ந்த வீடு அது. வீதியை ஒட்டித் தூண்கள் தாங்கும் விறாந்தை, தடித்த சுவர், உள்ளே முற்றம், முற்றத்தை ஒட்டிப் பின்கட்டு என்ற அதே ஒழுங்குதான் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. எனவே ஊரார் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களைக் கொண்டே 1624 அளவில் கோட்டையைக் கட்டினார்கள். இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாசலில் இன்றும் காணலாம். உங்கள் சுவரினுள்ளும் அப்படியான கற்கள் இருக்கக்கூடும். பூச்சைக் கொத்தும்போது ஒருவர் அருகில் நிற்பது நல்லது.

ஓடும்_உறுதியும் எழுதியது:

கோட்டைவாசல் ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. விறாந்தையும் தூணும் முற்றமும் ஒல்லாந்தரோடு முடிந்துபோன வடிவங்கள் அல்ல. அவர்கள் போன பின்னரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்முடைய கொத்தர்களும் தச்சர்களும் அதே அமைப்பில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அது பொருந்தியது, அதனால் நிலைத்தது. ஆகவே அமைப்பை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது.

நகரத்தின் வரலாறும் இந்த முடிவுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. ஒல்லாந்தருக்குத் திருகோணமலை முதன்மையாக ஒரு படைத்தளமாகவே இருந்தது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகியவற்றைப் போல வணிகக் குடும்பங்களும் அதிகாரிகளும் திரளாகக் குடியேறிய நகரமாக அது வளரவில்லை. அதன் இறுதிக் காலமும் அமைதியானதன்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரெனின் பிரெஞ்சுப் படையும் கைப்பற்றி, சமாதானத்தின் பின் ஒல்லாந்தரிடம் திரும்பி, 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் வசமான கோட்டை இது. பிரட்றிக் கோட்டை என்ற பெயரே 1803இல்தான் வந்தது. இத்தனை முற்றுகைகளுக்கு நடுவே ஒரு குடிமகனின் மாடிவீடு எழுந்து நின்றிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்குச் சுவரிலும் கூரையிலும் சான்று வேண்டும்.

சான்று எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன். முதலாவது, ஆணி. கதவு நிலைகளிலும் மாடித் தளத்திலும் உள்ள ஆணிகளில் தளர்ந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள். தண்டு சதுரமாகவும் தலை ஒழுங்கற்றும் இருந்தால் அது கொல்லன் அடித்த ஆணி. தண்டு உருண்டையாக, ஒரே சீராக இருந்தால் இயந்திரத்தில் இழுத்த கம்பி ஆணி, அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தியதாக இராது. இரண்டாவது, மாடியைத் தாங்கும் விட்டம். மரமா, இரும்பா? இரும்பானால் அதன் பக்கத்தில் உற்பத்தியாளர் பெயர் எழும்பி நிற்கும். ‘டோர்மன் லாங்’ என்று கண்டால், அந்த நிறுவனம் 1875இல் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்றாவது, ஓடு. வளைந்த பீலி ஓடா, கள்ளிக்கோட்டைத் தட்டையோடா? தட்டையோடானால் ஒன்றைக் கழற்றி முதுகுப் புறத்தைப் படியுங்கள். நான்காவது, செங்கல். மாடிச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு கல்லின் நீள, அகல, உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒல்லாந்தர் கப்பலில் வந்த மஞ்சள் செங்கல் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது. அதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

கீழ்ச்சுவருக்கும் மாடிச்சுவருக்கும் தடிப்பு வேறுபடுவதுதான் உங்கள் பதிவில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி. வீடு ஒரே மூச்சில் கட்டப்படவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

முற்றத்துவேம்பு எழுதியது:

நன்றி ஐயா. சொன்னபடியே நேற்றும் இன்றும் பார்த்தேன்.

கீழ்ச்சுவர் செங்கல் அல்ல, முருகைக்கல் (பவளக்கல்). மாடிச்சுவர் செங்கல், ஒன்பது அங்குல நீளம், சிவப்பு. மாடியைத் தாங்குபவை மர விட்டங்கள்தான்; ஒன்று மட்டும் இரும்பு, அதில் எழுத்து ஏதும் தெரியவில்லை, துருவேறிவிட்டது. மாலின் கதவு நிலையில் சதுர ஆணி. மாடியில் உருண்டை ஆணி. ஓடு தட்டையோடு, முதுகில் ‘பாசல் மிஷன்’ என்றும் 1865 என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்படியானால் கூரை 1865இல் போட்டது என்று கொள்ளலாமா? குசினிக் கூரையில் மட்டும் பழைய பீலி ஓடு இருக்கிறது.

ஓடும்_உறுதியும் எழுதியது:

கொள்ளக்கூடாது. இந்த 1865 பலரையும் வழிதவறச் செய்திருக்கிறது. அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மதப்பணிச் சங்கம் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு வார்த்த ஆண்டு அன்று. தொழிற்சாலையின் பெருமையாக அந்த ஆண்டைப் பின்னாளிலும் பொறித்து வந்தார்கள். முதல் உலகப் போரின்போது அந்த நிறுவனம் மிஷனின் கையை விட்டுப் போய், 1919க்குப் பின் ‘காமன்வெல்த் டிரஸ்ட்’ என்ற பெயரில் ஓடுகள் வந்தன. எனவே உங்கள் ஓடு பெரும்பாலும் 1865க்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல முடியாது. அதுவும் கூரையின் வயதுதான். ஓடு மாற்றும்போது வேறு வீட்டின் பழைய ஓட்டை வாங்கிப் போடுவதும் நம் ஊரில் வழக்கம். எனவே பத்துப் பதினைந்து ஓடுகளையாவது வெவ்வேறு இடங்களில் கழற்றிப் பாருங்கள்.

நீங்கள் தந்த விவரங்களை வைத்து என் கணிப்பைச் சொல்கிறேன்: முருகைக்கல்லும் சதுர ஆணியும் பீலி ஓடும் கொண்ட ஒரு பழைய ஒற்றைத்தட்டு வீடு முதலில் இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்ததாகலாம், அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். அதன் மேல், சந்தை வியாபாரம் பெருகிய ஒரு காலத்தில், கடைக்குச் சரக்கறை தேவைப்பட்டோ பிள்ளைகளுக்கு அறை தேவைப்பட்டோ, செங்கல் மாடியும் தட்டையோடும் வந்தன. ‘ஒல்லாந்தர் வீடு’ என்ற பெயருக்கு இது எதிராக அமைந்தாலும், வீட்டின் மதிப்பு இதனால் குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை.

கோட்டைவாசல் எழுதியது:

உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். மஞ்சள் செங்கல் ஒன்றுகூட இல்லை என்பதைப் படித்தபோதே நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று உணர்ந்தேன். முருகைக்கல் சுவர் என்றால் ஆலயக் கல் பற்றிய என் ஊகத்துக்கும் இடமில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: மாடி விட்டங்கள் என்ன மரம் என்று பாருங்கள். முதிரையா, சவண்டலையா? சவண்டலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேய மர வணிகத்தில் அதற்குத் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். சென்னைக் கரையில் அலையைக் கடந்து சரக்கு இறக்கிய மசூலாப் படகுகளை அதைக்கொண்டு செய்தார்கள். நம் ஊரின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து போன மரம் நம் ஊரின் ஒரு மாடியையும் தாங்கி நிற்குமானால், அதை அறிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை.

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

கட்டட வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். வயதைப் பற்றிய விவாதம் பயனுள்ளது. ஆனால் அந்த மேசன் நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடக்கூடும். அதனால் சுவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முருகைக்கல் கடலிலிருந்து வந்தது. அதனுள் உப்பு இருக்கிறது. சாந்துக்குக் கலந்த மணல் கழுவப்படாத கடல்மணலாக இருந்தால் அதிலும் உப்பு இருக்கும். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் காற்றும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும்போது இந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஈரம் எந்த இடத்தில் ஆவியாகிறதோ, அந்த இடத்தில் உப்பு பளிங்காக உறைந்து பருக்கிறது. பருக்கும்போது தன்னைச் சூழ்ந்திருப்பதை உடைக்கிறது. எங்கள் தொழிலில் இதை உப்புப் பூப்பது என்போம்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தன் வழியாக வெளியே விடும். ஆகவே உப்பு பூச்சின் மேற்பரப்பில் பூத்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்து போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். பூச்சு தன்னைக் கொடுத்துக் கல்லைக் காப்பாற்றுகிறது. சீமெந்துப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் பூச்சின் பின்னால் தேங்கி, மேலும் மேலும் உயரே ஏறி, உப்பு கல்லின் முகத்திலேயே உறைகிறது. கடைசியில் பூச்சு விழும்போது கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழுகிறது. உங்கள் சுவரில் எப்போதாவது சீமெந்து பூசினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பூசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நாலடி உயரம் என்று நீங்கள் எழுதியது அதைத்தான் காட்டுகிறது. அதன் மேல் இன்னும் கனமாகப் பூசினால் அடுத்த முறை நாலடி ஆறடியாகும்.

செய்ய வேண்டியது இதுதான். சீமெந்தைச் சிறிய உளியால் பொறுமையாக அகற்றுங்கள்; இயந்திரச் சுத்தியல் வேண்டாம்.  பின்னர் பங்குனி தொடங்கி வெயிலில் சுவர் காயட்டும். வெளிவரும் உப்பைத் தும்புத்தடியால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் கானைச் சோதியுங்கள். அது அடைபட்டிருந்தால் மற்ற எல்லாம் வீண். பிறகு, குறைந்தது சில வாரங்களாவது குழியில் நீற்றிய சுண்ணாம்பில் ஒரு பங்கும், கழுவிய ஆற்றுமணலில் மூன்று பங்கும் சேர்த்து, சிறிது செங்கற்பொடியும் கலந்து, மெல்லிய படைகளாகப் பூசுங்கள். ஒவ்வொரு படையும் மெதுவாகக் காய நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். பழைய கொத்தர்கள் கடுக்காயும் பனங்கட்டியும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பார்கள்; கிடைத்தால் நல்லது.

முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் பழைய வழி இன்று கூடாது. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடைசெய்திருக்கிறது, அது சரியான தடையும்கூட. நிலத்துச் சுண்ணாம்புக் கல்லில் எடுத்த நீறு போதுமானது. கல் சிதைந்த இடத்தில் வேறு இடிந்த வீட்டின் பழைய கல்லை மாத்திரம் பாவியுங்கள்.

விறாந்தையை இடிப்பது பற்றி: அந்த விறாந்தை முன்சுவரை வாடைக்காலத்துச் சாரலிலிருந்து காக்கிறது. அதை எடுத்தால் முன்சுவரின் கதி இன்னும் மோசமாகும். மூன்று கடைகளின் வாடகையை விடப் பெரிய செலவு அது.

கடல்முகத்துச்செல்வி எழுதியது:

நான் பொறியியல் அறிந்தவள் அல்ல. இப்படியான ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்கள் வீடு இன்று இல்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், சந்தை வெக்கையில் கொதிக்கும் மத்தியானத்தில், வீட்டுக்குள் கால் வைத்தவுடன் ஒரு குளிர்ச்சி முகத்தில் படும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழும்ப, விறாந்தை வழியாகப் புதுக்காற்று மாலுக்குள் வரும் என்று பின்னாளில் படித்தறிந்தேன்; அப்போது பாட்டி, “முத்தம் மூச்சு விடுது பிள்ளை” என்பார். வாடைக்காலத்தில் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் உடுப்புக் காயும். நாலு பக்கமும் பீலியில் இறங்கும் மழைத்தண்ணீரைக் கிடாரத்தில் பிடிப்போம். விறாந்தைக் குந்து வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதல்ல. முல்லைத்தீவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சந்தைக்கு வந்தவர்கள் தங்கள் கடகத்தை வைத்து இளைப்பாறிய இடம் அது. அதை இடித்துவிடலாம் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது என் நெஞ்சு வலித்தது.

நாம் பேசும் வீட்டுச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். விறாந்தை, ஜன்னல், குசினி, அலுமாரி, மேசை, கதிரை, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கக்கூசும் கந்தோரும் ஒல்லாந்தருடையவை. முற்றமும் கிணற்றடியும் குந்தும் நம்முடையவை. ஒரு வீட்டைச் சுற்றி நடந்து வந்தால் நானூறு ஆண்டுச் சொற்களையும் சொல்லி முடித்துவிடலாம்.

முற்றத்துவேம்பு, உங்கள் மாடியில் எரிந்த தடயம் ஏதேனும் இருக்கிறதா? 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட்டபோது ஊரே வெளியேறியதாக வீட்டில் சொல்வார்கள். 1964 டிசம்பர்ச் சூறாவளி ஓடுகளைக் கொண்டுபோனது. ஆனால் 1983இல் எரிந்ததும், 2006 ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்த பின் எரிக்கப்பட்டதும் எங்கள் தலைமுறை கண்ணால் கண்டவை. திருத்த வேலை செய்யும்போது கரியைச் சுரண்டி வண்ணம் பூசிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவும் அந்த வீட்டுக்கு நடந்ததுதான்.

ஓடும்_உறுதியும் எழுதியது:

செல்வி அக்கா எழுதியதற்குப் பிறகு சட்டத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆயினும் தேவை கருதிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்களை முதன்மையாகக் கருதுகிறது. பிந்தியவற்றையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்டதாக ஆக்கலாம். எனவே வீட்டின் வயது வெறும் பெருமைக்குரிய செய்தி அன்று. இடிப்பு வேலைக்கு முன் தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டியதாயிற்று. உங்கள் உறுதியில் முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் குறித்திருப்பார்கள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் பின்னோக்கிப் போங்கள். நாலெல்லையை அடுத்து வரும் வரியைக் கவனமாகப் படியுங்கள். ‘கல்வீடு, கிணறு, வான்பயிர் செய்பயிர்’ என்றிருக்கிறதா, ‘மேல்வீடு’ என்றோ ‘மாடி’ என்றோ இருக்கிறதா? மாடி எந்த உறுதியில் முதன்முதல் தோன்றுகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய உறுதிக்கும் இடையில் அது கட்டப்பட்டது.

முற்றத்துவேம்பு எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். உறுதிகளைத் தேடுவதில் மூன்று வாரம் போய்விட்டது. நான்கு உறுதிகளைப் பிடித்துவிட்டேன். 1891ஆம் ஆண்டு உறுதியில் ‘ஓட்டுக் கல்வீடும் கடையும் கிணறும்’ என்று மட்டும் இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உறுதியில் ‘மேல்வீடு’ வந்துவிட்டது. ஐயா கணித்தது போலவே ஓடும் ஆணியும் உறுதியும் ஒரே காலத்தைச் சொல்கின்றன. 1891க்கு முந்திய உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

ஆம், பத்து ஆண்டுகளுக்கு முன் சீமெந்து பூசினோம். எழுத மறந்துவிட்டேன். மேசனிடம் உப்பைப் பற்றி விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை, தன் தகப்பனார் சுண்ணாம்புக் குழி வெட்டி வேலை செய்ததைத் தான் சிறுவனாகப் பார்த்ததாகச் சொன்னார். பின்சுவரில் ஆறடி அகலத்தில் முதலில் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சகோதரர்களிடம் இந்த இழையை அனுப்பினேன். விறாந்தையை இடிக்கும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

மரம் பார்க்கும் ஒருவரை அழைத்துக் காட்டினேன். விட்டங்கள் முதிரை, மாடித் தளப் பலகை சவண்டலை. கோட்டைவாசல் ஐயா மகிழ்வார் என்று நினைக்கிறேன். செல்வி அக்கா, கிழக்குப் பக்கத்துக் கைமரங்கள் இரண்டில் கரி இருக்கிறது. எந்த ஆண்டு என்று அம்மாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. அவற்றை அப்படியே விடுகிறோம்.

இன்னொன்று. கடையறையின் செருகு பலகைகளைக் கழுவியபோது ஒவ்வொன்றின் உட்புறத்திலும் உளியால் வெட்டிய தமிழ் எண்களைக் கண்டேன். ௧ முதல் ௧௧ வரை வரிசை தவறாமல் செருகுவதற்காகத் தச்சர் வெட்டியது. ஏழாம் இடத்தில் மட்டும் பிற்காலத்துப் பலாப்பலகை ஒன்று எண் இல்லாமல் இருந்தது. குசினித் தட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது அதன் அடியில் ௭ இருந்தது. அளவு பொருந்துகிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குசினிக் கூரைக்கு அறுபது பீலி ஓடுகள் குறைகின்றன. பழைய ஓடு யாரிடமாவது கிடைக்குமா?

சுண்ணாம்புச்சாந்து எழுதியது:

தம்பலகாமத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றின் ஓடுகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். விசாரித்துத் தனிமடலில் எழுதுகிறேன். உங்கள் ஓடு ஒன்றின் நீளத்தையும் இரு முனைகளின் அகலத்தையும் அளந்து அனுப்புங்கள். கையால் வனைந்த ஓடு ஊருக்கு ஊர் அளவு மாறும். மாரி தொடங்குமுன் ஏற்றிவிடலாம்.